ஹேமலதாவுக்கு அனுமதி இல்லை

முதலில் ஹேமலதாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு ஏதோ ஹேமலதா என்று நினைத்தாள். இந்த ஆபீஸில் வேறு ஹேமலதா கிடையாது என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது, சிரிப்பு வந்த வழியே உள்ளே போய் நெஞ்சுக்குழியில் எங்கோ உட்கார்ந்துகொண்டது. திரையில் இருந்தது நாலே வரி. திருநாவுக்கரசு, அனுமதி உண்டு. ஆரோக்கியதாஸ், அனுமதி உண்டு. சிஸ்டம்ஸ் குழு, டினை, அதாவது மறுப்பு. ஹேமலதா, டினை. அந்தக் கடைசிப் பெயருக்கு நேரே சின்னக் கட்டத்தில் ஒரு டிக். டிக் தானாக விழாது. ஒருவர் உட்கார்ந்து, ஃபோல்டர் மேல் வலதுபக்கம் அமுக்கி, உள்ளே போய், பெயரைத் தட்டச்சு செய்து, எச் இ எம் ஏ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, டினை என்ற கட்டத்தை அமுக்கி, ‘நிச்சயமாகவா? மறுப்பு எல்லா அனுமதியையும் மீறி நிற்கும்’ என்று கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் விழும். கேள்வி கேட்கும், அதுதான். கம்ப்யூட்டர்கூட ஒருமுறை கேட்கும். அந்த ஃபோல்டரின் பெயர் ‘அரசு-தனி’. அரசு என்பது திருநாவுக்கரசு. திருநாவுக்கரசு என்பது அவள் புருஷன். பதினெட்டு வருஷமாக அவளுடைய புருஷன், அதே ஆபீஸில் வரைபடப் பிரிவில் சீனியர், இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஜன்னலோரம் மூன்றாவது மேஜையில் இந்த நிமிஷம் உட்கார்ந்திருக்கிறவர்.

சர்வர் அறையில் ஏசி எப்போதும் இப்படித்தான் குளிரும், ஆனால் இன்றைக்குக் குளிர் காலில் ஆரம்பித்தது. அவள் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்துக்கொண்டாள். தில்லைநகரில் இந்தக் கட்டடத்துக்கு ஆபீஸ் மாறி வந்தபோது இந்த அறைக்கு மெஷின்களைத் தூக்கிவந்து அடுக்கியவள் அவள்தான், ஒயர் இழுத்தவள், யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் யார் திறக்கக்கூடாது என்று ஒவ்வொரு பிரிவுக்கும் குழு போட்டவள். இங்கே வேலை செய்கிறவர்கள் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட்டு வரைபடம் கொடுக்கிறவர்கள், தூண் எவ்வளவு தடிமன், உத்திரத்தில் எத்தனை கம்பி, அந்த வரைபடம் போன பிறகுதான் எங்கேயோ ஒரு ஊரில் கான்கிரீட் விழும், ஆகவே யார் திறந்தார்கள் யார் மாற்றினார்கள் என்பது இங்கே விளையாட்டு இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தனி ஃபோல்டர் உண்டு, அதற்குள் யாரை விடலாம் என்பது அவரவர் இஷ்டம். அரசுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். வீட்டில், சாப்பாட்டு மேஜையில், லேப்டாப்பை வைத்து. “இங்க அமுக்குங்க, இப்ப பேரைப் போடுங்க, அவ்ளோதான்” என்று சொன்னாள். உதாரணத்துக்கு யார் பெயரைப் போட்டார்கள்? நினைவில்லை. தாஸ் பெயராக இருக்கும். அல்லது, கடவுளே, அவள் பெயராகவே இருக்குமோ? அன்றைக்கு விளையாட்டாகப் போட்டது அப்படியே கிடக்கிறதோ? ஒரு சின்னக் கயிறு கிடைத்ததுபோல் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரண்டு மூச்சுக்குக்கூடத் தாங்கவில்லை. மாற்றிய தேதி பக்கத்திலேயே இருந்தது. போன தீபாவளிக்கு அடுத்த வாரம். அவள் சொல்லிக்கொடுத்தது அதற்கும் ஒரு வருஷம் முன்னால்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் என்ன நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. மகள் கவிநயாவுக்குக் காய்ச்சல். அரசு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டரை எடுக்கவில்லை, ஆட்டோவில் போனார். மழை என்றார். அப்புறம் மழை விட்டும் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. “நீ ஓட்டு ஹேமா, எனக்கு முதுகு வலிக்குது” என்று பின்னால் உட்கார்ந்துகொண்டார், அவளும் ஓட்டினாள், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரம்மாகூட “சார் மகாராஜா மாதிரி வர்றாரே” என்று சிரித்தாள். வேறு என்ன. கல்யாண ஆல்பத்தை ஒருநாள் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. ஆல்பத்தை எதற்குப் பார்ப்பார்கள். பிரியப் போகிறவர்கள் பார்ப்பார்களா? துபாய்க்கு, தோஹாவுக்கு என்று போகிறவர்கள் சொல்லாமலே எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிவிட்டுக் கடைசி வாரத்தில் சொல்வார்கள், அவள் தம்பியே அப்படித்தான் போனான். இல்லை, வேறொன்று. வேறொன்று என்பதை அவள் மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லவில்லை, அது புடவை கட்டி, தலை பின்னி, முகம் மட்டும் இல்லாமல் நின்றது. சீ என்றாள், வாய்விட்டு. மெஷின்கள் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தன. அரசா? சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற அரசா? ஆனால் பித்தானை மாற்றிப் போடுகிறவன் அவள் பெயருக்கு நேரே ஒரு டிக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான், அவள் இருக்கிற குழுவுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறான், ஒரு கதவைப் பூட்டி அதற்குமேல் தாழ்ப்பாளும் போடுவதுபோல, இரண்டும் வேண்டும் என்று யோசித்துப் போட்டிருக்கிறான். பித்தானில் இல்லாத கவனம்.

இது அவள் தேடிப்போய்ப் பார்த்தது இல்லை. காலையில் ஆரோக்கியதாஸ் இண்டர்காமில் கூப்பிட்டதால் வந்தது. தாஸ் வரைபடப் பிரிவில் அரசுக்கு அடுத்தவர், பொன்மலைக்காரர், இரண்டு பையன்களுக்கு அப்பா, அரசை அண்ணே என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். “அண்ணி, ஒரு ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது. வியாழக்கிழமைலேர்ந்து. அனுமதி இல்லைன்னு வருது.” எது என்று கேட்டாள். கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் சொன்னார், “அரசண்ணன் ஃபோல்டர்.” அவர் ஃபோல்டருக்கு அவரையே கேட்கவேண்டியதுதானே என்றாள். “கேட்டேன் அண்ணி. அவர் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்காம். நீங்க எனக்கு மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் பாக்க வேணாம்.” வேற ஒண்ணும் பாக்க வேணாம். அப்போது அது காதில் விழுந்தும் விழாமல் போயிற்று. இப்போது திரும்பத் திரும்ப அது மட்டுமே விழுந்தது. தாஸுக்குத் தெரியும். தாஸுக்கு அனுமதி உண்டு. தனக்குத் தெரியாதது தாஸுக்குத் தெரியும், தாஸ் பொண்டாட்டி ஸ்டெல்லாவுக்கும் தெரிந்திருக்கும், போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கேக் கொண்டுவந்து கொடுத்தபோது கையைப் பிடித்து அழுத்தினாளே, அது எதற்கு.

தாஸுக்கு ஏன் திறக்கவில்லை என்பது பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, அதுவும் ஒரு கொடுமை, மூளை ஒருபக்கம் இடிந்துபோய்க் கிடக்க இன்னொரு பக்கம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போன வாரம் கும்பகோணத்தில் சித்தி மகள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டு நாளும் பேக்கப் டிஸ்க்கை மாற்றிவைக்க ஆள் வேண்டுமே என்று தாஸை சிஸ்டம்ஸ் குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள். அதுவரை அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான். குழுவுக்கு மறுப்பு. தாஸின் பெயருக்கு அனுமதி இருந்தாலும், குழுவில் இருக்கிறவனுக்கு மறுப்பு, மறுப்புத்தான் ஜெயிக்கும். அவளுக்கென்று போட்ட பூட்டு தாஸையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. இவ்வளவுதான் விஷயம். தாஸைக் குழுவிலிருந்து எடுத்தால் போதும். ஃபோல்டரைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆனால் திறக்கலாம். அவள் கையில் தலைமைக் கணக்கு இருக்கிறது, எந்த மறுப்பையும் தள்ளிவிட்டு எந்த ஃபோல்டரையும் ‘இனி இது என்னுடையது’ என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே அமுக்கு. இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட அப்படி யாருடையதையும் திறந்ததில்லை. தலைமைப் பொறியாளர் சந்தானகோபாலன் சார் ஒருமுறை கூப்பிட்டு, வேலையை விட்டுப் போகப்போகிற ஒருவனின் ஃபோல்டரைப் பார்த்துச் சொல்லம்மா என்றபோது, “எழுத்துல குடுங்க சார், பாக்குறேன்” என்று நின்றவள். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று ராத்திரி அரசு அதை மகளிடம் சொல்லிச்சொல்லிச் சிரித்தார், உங்கம்மாகிட்ட சாமியே வந்தாலும் எழுத்துல குடுன்னுதான் கேப்பா. அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது. பெருமைதானா? அம்புக்குறி அந்த ஃபோல்டர்மேல் நின்றது. அவள் விரல் மவுஸ்மேல் நின்றது. விரலில் மருதாணி, கல்யாண வீட்டில் வைத்தது, நகத்தில் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் தெரியாமல் இருக்க முடியாது. அந்த முகம் இல்லாதவளுக்கு முகம் வந்துவிடும். அல்லது ஒன்றுமே இல்லாமல் ஏதோ பழைய வரைபடங்கள் கிடக்கும், அப்போது பதினெட்டு வருஷத்தில் அவருடைய பூட்டை உடைத்தவள் நான்தான் என்று ஆகும். கையை மவுஸிலிருந்து எடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள், குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல. அப்புறம் குழுப் பட்டியலுக்குப் போய் ஆரோக்கியதாஸ் என்ற பெயரை எடுத்தாள். தன் பெயருக்கு நேரே இருந்த டிக்கைத் தொடவில்லை. அவர் போட்டது. அவர் எடுக்கட்டும்.

இண்டர்காமில் தாஸைக் கூப்பிட்டு, “ஒருதடவ லாக்-ஆஃப் பண்ணிட்டு உள்ள போங்க, திறக்கும்” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதிலேயே அவளுக்கு ஆச்சரியம். “ரொம்ப தேங்க்ஸ் அண்ணி” என்றவர், வைக்காமல், “அண்ணி, நீங்க உள்ள…” என்றார். “பாக்கல” என்று வைத்துவிட்டாள்.

கேட்டுவிடலாம். கதவைத் திறந்து, ஹாலைக் கடந்து, மேஜைக்கு முன் நின்று, என் பேர் ஏன் அங்க இருக்கு என்று கேட்டுவிடலாம். இதில் என்ன. அவள் எழுந்தாள். ஹாலில் பாதிப்பேர் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள், யாரோ திறந்துவைத்த டப்பாவிலிருந்து புளிசாதம் மணத்தது. ஜன்னலோரம் மூன்றாவது மேஜையில் அரசு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், கழுத்தைக்கூட அசைக்காமல், திரையில் ஒரு தூணின் மூலையைப் பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கி. சட்டைக் காலர் ஒருபக்கம் மடிந்திருந்தது. இந்த மனிதனா. எப்படித் தொடங்குவது. என்னங்க என்றா? என்னங்க என்று தொடங்கினால் கோபம் குறைந்துவிடும். மிஸ்டர் திருநாவுக்கரசு என்று தொடங்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆபீஸில் அப்படித்தான் கூப்பிட்டாள். அவருடைய இடதுபக்கமாகப் போய், மேஜையை ஒட்டி, அவர் தோளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றாள். அவர் திரும்பட்டும் என்று நின்றாள். திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறார், தாஸ் சொல்லியிருப்பான், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து திரும்பாமல் இருக்கிறார், என்ன நெஞ்சழுத்தம் என்று அவளுக்குக் காது சூடாகியது. அவர் இடதுகையால் மேஜையைத் தடவினார். டீ கிளாஸ் அங்கேதான் இருந்தது, கைக்கு மூன்று விரல் தள்ளி. கை அதைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, கிளாஸின் விளிம்பில் பட்டது, அது தள்ளாடியது, பிடித்துக்கொண்டார். அவள் தன்னையறியாமல் தன் கையை நீட்டியிருந்தாள், கிளாஸ் விழுந்தால் பிடிக்க. அந்தக் கை அவர் முகத்துக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் விரல்களை விரித்தாள். அசைத்தாள். மருதாணி நகங்கள் ஐந்தும் அவர் காதுக்கும் கண்ணுக்கும் நடுவே ஆடின. அரசு டீயைக் குடித்தார். தூணைப் பெரிசாக்கினார்.

அவளுக்குள் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, யாரோ பரணிலிருந்து சாமான்களைத் தள்ளிவிடுவதுபோல. ஸ்கூட்டர். முதுகுவலி. சினிமாக் கொட்டகையில் படி தவறி முன்வரிசைக்காரன் மடியில் விழுந்தது, அவள் சிரித்தது. கோயில் பிரகாரத்தில் பக்கவாட்டில் வந்த ஒரு குழந்தையை இடித்துத் தள்ளி அதன் அம்மா திட்டியது, அவளும் சேர்ந்து திட்டியது, கண்ணு தெரியலையா உங்களுக்கு என்று. அதே வார்த்தை. கதவில் இடித்துக்கொண்டபோது, கண்ணு தெரியலையா. கவிநயாவின் பள்ளிக்கூட விழாவில் அவள் கையசைத்தும் வராமல் நின்றபோது, கையசைச்சது கண்ணு தெரியலையா. எத்தனை தடவை. தினமும். காப்பிக்குச் சர்க்கரை போடுவதுபோல அதைச் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அவர் அசடுவழியச் சிரித்திருக்கிறார், அந்தச் சிரிப்புக்குள் இது இருந்திருக்கிறது. ஆல்பம். ஆல்பத்தை மடியில் வைத்து வெகுநேரம். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகம் இல்லாத பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை, அவள் வந்து நின்றிருந்தால் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அவளோடு சண்டை போடலாம்.

“என்னங்க” என்றாள்.

அவர் திடுக்கிட்டார். தலையை முழுசாகத் திருப்பி, ஒரு கணம் அவள் இடுப்பைப் பார்த்து, அப்புறம் முகத்தைக் கண்டுபிடித்தார். “எப்ப வந்த?” இப்பதான் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். “ரொம்ப நேரமா நிக்கிறேன். உங்க மூஞ்சிக்குப் பக்கத்துல கைய ஆட்டினேன்.” அரசு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் மெதுவாக வைத்தார், வைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறவரைப்போல. அப்புறம், “உக்காரு” என்றார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். “நேரா பாக்குறது தெரியுது ஹேமா. நல்லாவே தெரியுது. சைடுல இல்ல. ஒரு குழாய் வழியாப் பாக்குற மாதிரி. தீபாவளிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டினேன். இது இன்னும் சின்னதாகும்னாங்க. மருந்து இல்லையாம். எப்ப முழுசா அடைக்கும்னு சொல்ல முடியாதாம், பத்து வருஷம்கூட ஆகலாமாம்.” வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார். பலமுறை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வழவழப்பாகிப்போன வாக்கியங்கள். “அந்த ஃபோல்டர்ல?” என்றாள். “நான் போடுற ட்ராயிங் எல்லாம் அதுலதான் வெப்பேன். தாஸ் சாயங்காலம் அவன் சீட்டுல திறந்து ஒரு தடவ பாத்து, நான் விட்டதை எல்லாம் சரி பண்ணுவான். அப்புறம்தான் சாருக்கே போகும். ஓரத்துல இருக்கிறதுதான் விட்டுப்போகுது. நடுவுல ஒரு தப்பு வராது.” அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு தொழில்காரனின் கௌரவம் இருந்தது, அதைக் கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல.” கேட்டபோதே பதில் அவளுக்கும் தெரிந்திருந்தது, எழுத்துல குடுங்க சார் என்று தன் குரலே எங்கோ சொன்னது. “சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட. சார்கிட்ட போயி சொல்லணும்பே. சரியாத்தான் சொல்லுவ. கவிக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு, அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்.” “அதுக்கு என் பேரைப் போட்டு…” “என்னிக்காவது தெரிஞ்சுதுன்னா முதல்ல உன்னத்தான் கேப்பாங்க. சர்வர் உன் கையில இருக்கு, புருஷன் செஞ்சது உனக்குத் தெரியாதாம்பாங்க. தெரியாதுன்னு நீ சொன்னா யாரு நம்புவா? அந்த டிக் இருந்தா நம்புவாங்க. இவ திறக்கவே முடியாதபடி பூட்டி வெச்சிருக்கான்னு.” அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “வேற எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

அவளுக்கு அழவேண்டும்போலவும் இருந்தது, அந்த மடிந்த காலரைப் பிடித்து உலுக்கவேண்டும்போலவும் இருந்தது. ஒரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த மனிதன் இருட்டில் விழித்துக்கொண்டு இதையெல்லாம் திட்டம் போட்டிருக்கிறான், தன்னைக் காப்பாற்றுகிறேன் என்று தன்னை வெளியே நிறுத்தி. ஆனால் கோபத்துக்குள் வேறொன்று அசைந்தது, சர்வர் அறையிலேயே அசைந்திருக்கவேண்டியது, பிந்தி வந்தது. வியாழக்கிழமைலேர்ந்து, என்றார் தாஸ். இன்று செவ்வாய். நடுவில் போன ட்ராயிங்? “தாஸுக்குத்தான் வியாழக்கிழமைலேர்ந்து திறக்கலையே. அதுக்கப்புறம் போனத யாரு பாத்தா?” அரசு மவுஸிலிருந்து கையை எடுத்தார். அவள் மறுபடி கேட்டாள். “ஒண்ணுதான் போச்சு. சனிக்கிழமை. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், மாடிப்படி. சைட்ல அவசரப்படுத்தினாங்க. தாஸ் என் சீட்டுக்கு வந்து பாக்குறேன்னான், எல்லாரும் இருந்தாங்க, நான்தான் வேணாம்னேன். பெருசு பண்ணிப் பெருசு பண்ணி ரெண்டு தடவ பாத்தேன் ஹேமா.” பள்ளிக்கூடம் என்ற சொல்லும் மாடிப்படி என்ற சொல்லும் அவள் தலைக்குள் தனித்தனியாக நின்றன, சேர மறுத்தன. கவிநயா பள்ளிக்கூட மாடிப்படியில் சாயங்காலம் மணி அடித்ததும் எப்படி இறங்கிவருவாள், முன்னால் நாலு பிள்ளைகள் பின்னால் நாற்பது பிள்ளைகள், பை மோதிக்கொண்டு, ஒரே சத்தமாக. தாஸைக் குழுவில் சேர்த்தது நான். கும்பகோணத்தில் பந்தியில் உட்கார்ந்து பாதாம் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இது இங்கே நடந்திருக்கிறது.

தாஸ் ஓடித்தான் வந்தார். வரைபடப் பிரிவில் யாரும் ஓடுவதில்லை, அதனால் மிச்சமிருந்த இரண்டுபேரும் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவளைப் பார்த்ததும் நின்றார், அரசைப் பார்த்தார். “அவளுக்குத் தெரியும். சொல்லு” என்றார் அரசு. தாஸ் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, இப்பத்தான் திறந்து பாத்தேன், சனிக்கிழமை போனதுல படி திரும்புற எடத்துல தளம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுக்கு டாப் ராடு காட்டவே இல்ல. கீழ்க்கம்பி மட்டும்தான் இருக்கு. பழசுல இருந்தது, ஷீட்டு ஓரத்துல, இதுல வரல.” ஹேமலதா பொறியாளர் இல்லை, ஆனாலும் இத்தனை வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது, வெளியே நீட்டிய தளத்தைத் தாங்கிப் பிடிப்பது மேல்கம்பிதான் என்று அதற்குத் தெரியும். அரசின் முகத்தில் ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். “சைட்டுக்குப் போனைப் போடுங்க” என்றாள். அவர் போனை எடுத்தார், பெயரைத் தேடி விரல் தடுமாறியது, அவள் வாங்கவில்லை, வாங்கவேண்டும்போல இருந்தும் வாங்கவில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எங்கோ வெயிலில், சாந்து படிந்த ஒரு சட்டைப்பைக்குள் அது அடிப்பதை, மிக்சர் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போவதை, கம்பிமேல் சாம்பல்நிறக் குழம்பு கொட்டி மூடுவதை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், நின்றுவிட்டது மணி. அரசு மறுபடி அமுக்கினார். இந்தமுறை எடுத்தார்கள். “ரியாஸ், நான் அரசு. மாடிப்படி கான்கிரீட் போட்டாச்சா?” ரியாஸ் சைட் இன்ஜினியர். அவர் சத்தம் வெளியிலேயே கேட்டது, “கலவை வண்டி வந்து நிக்குது சார், பசங்க சாப்பிட்டு வந்ததும் ஊத்திடுவோம்.” “ஊத்தாதீங்க. வண்டியத் திருப்பி அனுப்பிடுங்க.” “சார், வண்டிய எப்படி… காரணம் கேப்பாங்களே.” அரசு கண்ணை மூடிக்கொண்டார். “ட்ராயிங் தப்பு ரியாஸ். நான் போட்டது, நான்தான் தப்பு பண்ணியிருக்கேன். ஒரு சட்டிகூட விழக்கூடாது. சார்கிட்டேர்ந்து உங்களுக்கு இப்ப போன் வரும்.” அந்தப்பக்கம், டேய் நிறுத்து, நிறுத்துங்கடா என்று யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. அப்புறம்தான் அரசு போனை வைத்தார்.

தாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது, ஜெபம்போல. ஹேமலதா எழுந்து நடந்தாள். அரசும் எழுந்திருந்தார். ஹாலின் அந்தக் கோடியில் சந்தானகோபாலன் சாரின் அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே அவர் தயிர்சாத டப்பாவை மூடிவைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நடுவில் யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அரசு அதை நோக்கியே வந்தார். கண்ணு தெரியலையா என்பது பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்தது, விழுங்கினாள், நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தார். எப்படித் தெரிந்துகொள்வது, இனிமேல் எதையெல்லாம் பார்த்தார் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது, கதவுக்கு இன்னும் பத்தடிகூட இல்லை, அதற்குள் தெரியவேண்டியவை வரிசையில் நின்றன, வேலை போகும், கவியிடம் யார் சொல்வது, பத்து வருஷம் என்றாரே அது எங்கே ஆரம்பித்து எண்ணுவது, போன வருஷமெல்லாம் கணக்கில் சேருமா. கதவருகில் அரசு நின்றார். அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, முகத்தைத் தேடி எடுத்து, தணிந்த குரலில் சொன்னார், “நீ உள்ள வராத ஹேமா. நான் மட்டும் பேசிக்கிறேன். உனக்கு எதுவும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் ஹேமலதா. கதவைத் தட்டிவிட்டு, சார் வரச்சொல்வதற்கு முன்பே அதைத் திறந்து, அவர் நுழைவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.